மதிப்பெண் பட்டியலில் ஏறாத பாடம்

(பொன்விழாக் கல்வி நாளன்று மறைக்கல்வி ஆசிரியர்கள் சார்பில் ஆற்றிய உரை)

 

சற்று முன்பு இதே மேடையில் பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் மிகுந்த மதிப்பெண் பெற்ற பிள்ளைகளுக்குப் பரிசு வழங்கப்பட்டது. எல்லோரும் கைதட்டினோம். கைதட்ட வேண்டியதே. இரவு பகல் பாராது உழைத்த பிள்ளைகள் அவர்கள். ஆனால் ஞாயிறுதோறும் நம் பங்கின் பிள்ளைகள் அனைவரையும் வகுப்பில் காண்பவர்கள் என்ற முறையில் எங்களுக்கு இன்னொன்றும் கண்ணில் பட்டது. பெயர் படிக்கப்படாத பிள்ளைகள் பின்வரிசையில் தலை குனிந்து அமர்ந்திருந்தார்கள். அவர்களுடைய தாய்மாரும் அப்படியே அமர்ந்திருந்தார்கள். இந்த உரை அந்தப் பின்வரிசைக்கும் சேர்த்துத்தான்.

கல்வியைப் பற்றிக் குமரி மாவட்டத்தாருக்குப் பிறர் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி எழுத்தறிவில் தமிழ்நாட்டிலேயே முதலிடம் நம் மாவட்டத்துக்குத்தான், நூற்றுக்கு 91.75 பேர். திருவிதாங்கூர் ஆட்சிக் காலத்திலிருந்தே கோயில் இருந்த இடமெல்லாம் பள்ளிக்கூடமும் எழுந்த மண் இது. ஆகவே பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டுமா என்ற கேள்வி இங்கு என்றோ தீர்ந்து போயிற்று. பள்ளிக்கு அனுப்பிய பிள்ளையிடம் எதை வளர்க்கப் பார்க்கிறோம் என்பதே இன்றைய கேள்வி.

திருக்குறளின் அதிகார வரிசையைச் சற்றே எண்ணிப் பார்ப்போம். கல்வி, கல்லாமை, கேள்வி, அறிவுடைமை என்று 40 முதல் 43 வரை நான்கு அதிகாரங்களை வள்ளுவர் படிப்புக்கும் அறிவுக்கும் ஒதுக்கினார். பிறகு ஊக்கம் உடைமை, மடி இன்மை, ஆள்வினை உடைமை, இடுக்கண் அழியாமை என்று 60 முதல் 63 வரை இன்னும் நான்கு. முதல் நான்குக்கும் தேர்வு வைத்து மதிப்பெண் போட நம்மிடம் வழி உண்டு. பின் நான்குக்கு எந்தப் பள்ளியிலும் தேர்வுத்தாள் கிடையாது. தொடங்கியதை முடிப்பது, நேரத்துக்கு வருவது, தோற்றால் மறுபடியும் எழுவது, கோபத்தை அடக்குவது, பிறரோடு சேர்ந்து வேலை செய்வது, சொன்ன சொல்லைக் காப்பது ஆகியவற்றை நாம் 'குணம்' என்று ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். நல்ல குணம் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் மதிப்பெண் இருந்தால் போதும் என்ற எண்ணமும் பலரிடம் இருக்கிறது.

அந்த எண்ணம் சரியா? அமெரிக்காவில் ஒரு வழக்கம் உண்டு. உயர்நிலைப் பள்ளியைப் பாதியில் விட்டவர்கள் பிறகு ஒரு தேர்வு எழுதித் தேறினால், பள்ளியை முடித்ததற்குச் சமமான சான்றிதழ் கிடைக்கும். ஜேம்ஸ் ஹெக்மன் என்ற பொருளாதார அறிஞர், 2000-ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றவர், தம் தோழர்களோடு சேர்ந்து இவர்களின் வாழ்க்கையை ஆராய்ந்தார். அறிவுத் தேர்வில் இவர்கள் பள்ளியை முறையாக முடித்து மேற்படிப்புக்குப் போகாதவர்களுக்குச் சற்றும் இளைத்தவர்கள் அல்லர். ஆனால் சம்பாத்தியத்தில் பள்ளியை விட்டு ஓடியவர்களோடுதான் நின்றார்கள். சேர்ந்த வேலையில் நிலைக்கவில்லை. பட்டாளத்தில் சேர்ந்தாலும் காலம் முடியுமுன் வெளியேறியவர்கள் மிகுதி. பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருந்த அந்த ஆண்டுகள், பாடத்துக்கு அப்பால் வேறு ஏதோ ஒன்றையும் பிள்ளைகளுக்குக் கற்றுக் கொடுத்திருக்கின்றன. அது தேர்வுத்தாளில் தெரியாது. சம்பளச் சீட்டில் தெரிகிறது.

நம் ஊரையே எடுத்துக் கொள்வோம். இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் தலைமைப் பொறுப்புக்கு நம் மாவட்டத்திலிருந்து வந்தவர்களில் இருவரைச் சொல்கிறோம். சரக்கல்விளையைச் சேர்ந்த கே. சிவன் அவர்கள் 2018 முதல் 2022 வரை. மேலக்காட்டுவிளையைச் சேர்ந்த வி. நாராயணன் அவர்கள் 2025 ஜனவரியில். இருவரும் கிராமப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்கள். இவர்களின் பெயரைச் சொல்லிப் பிள்ளைகளை விரட்டுவது இப்போது வழக்கமாகி விட்டது. அதற்காக நாங்கள் இங்கே சொல்லவில்லை. இவர்களுடைய வாழ்க்கையில் மேடைகளில் அதிகம் பேசப்படாத ஒரு பகுதி உண்டு.

சிவன் அவர்கள் விவசாயி மகன். கல்லூரி சென்ற காலத்தும் தகப்பனாரோடு தோட்ட வேலை பார்த்தவர். பொறியியல் படிக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. தகப்பனார் மறுத்தார், செலவு தாங்காது என்பது காரணம். பிள்ளை பட்டினி கிடந்தும் பலன் இல்லை. நாகர்கோவில் தெ. தி. இந்துக் கல்லூரியில் கணிதம் படித்து 1977-ல் பட்டம் பெற்றார். பிறகுதான் தகப்பனார் மனம் மாறி, ஒருமுறை உன்னைத் தடுத்துவிட்டேன், இனித் தடுக்க மாட்டேன் என்ற கருத்துப்பட மகனிடம் கூறி, நிலத்தை விற்றுச் சென்னைக்குப் படிக்க அனுப்பினாராம். 1980-ல் பொறியியல் பட்டம் வந்தது; நினைத்த வேலை வரவில்லை. பெங்களூருக்குச் சென்று மேலும் படித்தார். 1982-ல் விண்வெளி நிறுவனத்தில் சேர்ந்தபோதும் விரும்பிய பிரிவு கிடைக்கவில்லை. கேட்டது எதுவும் கேட்டபடி கிடைக்கவில்லை, கிடைத்ததைச் செம்மையாகச் செய்தேன் என்ற பொருளில் அவரே பேட்டியில் கூறியிருக்கிறார். 2019 செப்டம்பரில் சந்திரயான்-2 தரையிறங்கும் கலம் நிலவுக்குச் சுமார் இரண்டு கிலோமீட்டர் உயரத்தில் தொடர்பு அறுந்தபோது அவர் கண்ணீர் விட்டதை நாடே பார்த்தது. அந்தத் தோல்வியின் காரணங்களைத் தோண்டி எடுத்துத் திருத்திய பிறகே 2023 ஆகஸ்டு 23-ஆம் நாள் சந்திரயான்-3 நிலவில் இறங்கியது.

நாராயணன் அவர்கள் பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்து, 1984-ல் விண்வெளி நிறுவனத்தில் சேர்ந்து, வேலையில் இருந்துகொண்டே படிப்படியாக மேலே படித்தவர். 1989-ல் கரக்பூர் ஐ.ஐ.டி.யில் முதலிடம் பெற்று எம்.டெக். முடித்தார்; 2001-ல் டாக்டர் பட்டம். டிப்ளமோவில் தொடங்கி டாக்டர் பட்டத்தில் வந்து நிற்க ஏறத்தாழப் பதினெட்டு ஆண்டுகள். டிப்ளமோவுக்குப் போகும் பிள்ளையைக் குறைவாகப் பார்க்கும் உறவினர்கள் இதைக் கவனிப்பார்களாக! அவர் உழைத்த துறை கிரையோஜெனிக் என்னும் கடுங்குளிர் எரிபொருள் எஞ்சின். ரஷ்யா அந்தத் தொழில்நுட்பத்தை நமக்குத் தருவதாக இருந்தது. 1993-ல் அமெரிக்காவின் நெருக்குதலால் அது நின்று போயிற்று. நாமே செய்வோம் என்று இறங்கினார்கள். 2010 ஏப்ரல் 15-ல் முதல் முறை பறக்கவிட்டபோது தோல்வி. 2013 ஆகஸ்டில் புறப்படுவதற்குச் சற்று முன் எரிபொருள் கசிவு கண்டு நிறுத்தினார்கள். 2014 ஜனவரி 5-ல் வெற்றி. ஏறத்தாழ இருபது ஆண்டுக் காத்திருப்பு! ஆரல்வாய்மொழிப் பக்கம் போகும்போது நாம் பார்க்கும் அந்த மலைத்தொடரில், மகேந்திரகிரியில்தான் இந்த எஞ்சின்கள் சோதிக்கப்படுகின்றன.

இவர்கள் அறிவில் சிறந்தவர்கள் என்பதில் ஐயமில்லை. அறிவு வேண்டாம், குணம் மட்டும் போதும் என்று யாரும் வீட்டுக்குக் கொண்டு போய்விட வேண்டாம். ஆனால் அறிவு மட்டும் இருந்து, முதல் மறுப்பிலேயே மனம் ஒடிந்திருந்தால், இந்தப் பெயர்கள் நமக்குத் தெரிந்திருக்கவே தெரிந்திராது. இதைவிட முக்கியமான இன்னொன்று, நிலத்தை விற்ற அந்தத் தகப்பனார். பிள்ளையின் விடாமுயற்சியைப் புகழ்கிறோம்; அதைத் தாங்கிப் பிடித்தவரை மறந்துவிடுகிறோம். விற்க நிலமே இல்லாத வீட்டிலும் விடாமுயற்சியுள்ள பிள்ளை உண்டு. அந்தப் பிள்ளை பாதியில் நின்றால், 'அவனிடம் உறுதி இல்லை' என்று தீர்ப்புச் சொல்ல நமக்கு உரிமை கிடையாது.

நம் மண்ணின் புனிதர் தேவசகாயம் அவர்களை நினைத்துப் பாருங்கள். துன்பமும் நட்டமும் வந்து மனம் சோர்ந்திருந்த நாளில், டச்சுத் தளபதி டிலனாய் அவருக்கு யோபுவின் வரலாற்றைக் கூறித் தேற்றினார் என்பது மரபு. 1745-ல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றார். 1752-ல் காற்றாடிமலையில் உயிர் நீத்தார். 2022-ல் புனிதராக உயர்த்தப்பட்டார். அவ்வளவு பெரிய மன உறுதிக்கும் தொடக்கத்தில் ஒரு நண்பரின் சொல் இருந்தது.

இனி, பொறுமையைப் பற்றிய ஓர் ஆய்வைச் சொல்கிறோம். பெற்றோர்கள் சற்றுக் கவனித்துக் கேட்க வேண்டும். 1960-களின் இறுதியில் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் வால்டர் மிஷல் என்ற உளவியலார் மழலைப் பள்ளிப் பிள்ளைகளின் முன் ஒரு மிட்டாயை வைத்தார். 'இப்போதே தின்றால் ஒன்று. நான் திரும்பி வரும் வரை பொறுத்தால் இரண்டு' என்றார். பொறுத்த பிள்ளைகள் வளர்ந்தபோது படிப்பில் மேலாக இருந்தார்கள் என்று கண்டார். உடனே உலகமெங்கும் 'பொறுமைதான் வெற்றி' என்று புத்தகங்கள் குவிந்தன. ஆனால் 2018-ல் 900-க்கும் மேற்பட்ட பிள்ளைகளை வைத்து வேறு சிலர் பார்த்தபோது, குடும்பத்தின் நிலைமையையும் கணக்கில் எடுத்தால் அந்த வேறுபாடு பெரும்பாலும் கரைந்து போவது தெரிந்தது.

இடையில் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் நடந்த சோதனை எங்களை மிகவும் சிந்திக்க வைத்தது. மிட்டாய் வைக்குமுன், படம் வரைய நல்ல வண்ணப் பொருள்கள் கொண்டு வருகிறேன் என்று பிள்ளைகளிடம் சொன்னார்கள். பாதிப் பேருக்குச் சொன்னபடி கொண்டு வந்தார்கள். மற்றவர்களுக்கு வெறுங்கையோடு வந்து, 'மன்னிக்க வேண்டும், இல்லை' என்றார்கள். பிறகு மிட்டாய்ச் சோதனை. சொல்லைக் காப்பாற்றிய பெரியவரிடம் பிள்ளைகள் சராசரியாக ஏறத்தாழ 12 நிமிடம் பொறுத்தார்கள். ஏமாற்றிய பெரியவரிடம் ஏறத்தாழ 3 நிமிடம்தான். பிள்ளைகள் எல்லோரும் ஒரே தரத்தார்; மாறியது பெரியவரின் நாணயம். வராத இரண்டாவது மிட்டாய்க்காகக் காத்திருப்பவன் அறிவாளியா? கையில் இருப்பதைத் தின்றவன்தான் அறிவாளி.

இது நமக்குப் புதிய செய்தி அல்ல. நம் கடற்கரையின் கதையே இதுதான். மீனவன் சேமிக்கத் தெரியாதவன், கையில் வந்ததைக் கையோடு கரைப்பவன் என்று உள்நாட்டார் நெடுங்காலம் ஏளனம் பேசினார்கள். உண்மை நிலை என்ன? வலைக்கும் மரத்துக்கும் வியாபாரியிடம் கடன். கடன் வாங்கியதால் மீனை அவரிடமே, அவர் சொன்ன விலைக்கே விற்க வேண்டும். எவ்வளவு கொடுத்தாலும் அசல் குறைவதில்லை. சேர்த்து வைத்தால் யாருக்குப் போகும் என்பது அவனுக்குத் தெரியும். அந்த நிலையில் செலவழிப்பது குணக்கேடு அல்ல, கணக்கு.

கோட்டாறு சமூக சேவைச் சங்கத்தின் வழியாக, பெல்ஜியம் நாட்டிலிருந்து வந்த அருட்தந்தை ஜேம்ஸ் டோம்பேர் அவர்களும் அவரோடு உழைத்தவர்களும் நம் கரையோரக் கிராமங்களில் மீனவர் சங்கங்களை வளர்த்தார்கள். கிராமத்துக்குக் கிராமம் சங்கமே மீனை ஏலம் விட்டது. விற்ற பணத்தில் ஒரு பங்கு கடனுக்கு, ஒரு சிறு பங்கு சேமிப்புக்கு என்று பிடித்தார்கள். மீன் பட்ட நாளில் தவணை. படாத நாளில் தவணை இல்லை. 1980-ல் திருவனந்தபுரத்தில் உருவான தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பும் இதே முறையில்தான் நடந்தது. எத்தனை பெரிய திட்டம் இருந்தாலும் அதன் உயிர் ஓர் எளிய நோட்டுப் புத்தகத்தில் இருந்தது. இன்று பிடித்த பணம் இன்றே அவன் பெயரில் ஏறியது. கேட்ட நாளில் காட்டப்பட்டது. சேமிக்கத் தெரியாதவன் என்று ஏசப்பட்ட அதே மனிதன் சேமித்தான். அவனுக்கு யாரும் சிக்கனத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்யவில்லை. கணக்கை ஒழுங்காக எழுதினார்கள், அவ்வளவே. இதைக் கண்ணால் கண்ட முதியவர்கள் நம் மாவட்டத்துக் கரைகளில் இன்றும் இருக்கிறார்கள்.

இதை மனதில் வைத்துக் கொண்டு பிள்ளைகளிடம் திரும்புவோம். 'நன்றாகப் படி, சைக்கிள் வாங்கித் தருகிறேன்' என்கிறோம். படிக்கிறான். சைக்கிள் வருவதில்லை. 'மாலையில் வந்து சொல்லித் தருகிறேன்' என்கிற அண்ணன் வருவதில்லை. ஒன்பதாம் வகுப்பு வரை சேர்த்து வைத்திருந்து, தேர்ச்சிப் பலகையில் நூற்றுக்கு நூறு என்று எழுதுவதற்காக, படிப்பில் மெலிந்த பிள்ளையை மட்டும் அழைத்து, 'நீ தனியாகத் தேர்வு எழுதிக்கொள்' என்று கூறி மாற்றுச் சான்றிதழைக் கையில் கொடுத்த பள்ளியும் உண்டு. எந்தப் பள்ளி என்று சொல்ல நாங்கள் வரவில்லை. அந்தப் பிள்ளை எங்கள் வகுப்பில் இருந்தான். அதன் பிறகு அவன் வகுப்புக்கு வருவதையே நிறுத்திவிட்டு, அடுத்த மாதமே விசைப்படகில் ஏறிப் போனான். கடல் தொழில் இழிவானது என்று நாங்கள் சொல்லமாட்டோம். கடலுக்குப் போவதற்கு வேண்டிய அறிவும் ஒழுங்கும் எந்தப் படிப்புக்கும் குறைந்தது அல்ல. ஆனால் விரும்பிப் போவது வேறு, விரட்டப்பட்டுப் போவது வேறு.

பத்தாம் வகுப்பு வந்ததும் மறைக்கல்விக்கும் பீடச் சிறுவர் பணிக்கும் பாடற்குழுவுக்கும் பிள்ளைகளை அனுப்புவதை நிறுத்திவிடும் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. காலை ஐந்தரை மணித் திருப்பலிக்கு மார்கழிப் பனியில் எழுந்து வருகிற பீடச் சிறுவன், நேரந்தவறாமையைப் புத்தகத்தில் படிக்கவில்லை. பாடற்குழுவில் தன் குரலை மற்றவர் குரலோடு இணைக்கப் பழகுகிற பெண், நாளை மருத்துவமனையில் செவிலியாகப் பலரோடு சேர்ந்து வேலை செய்யும்போது அதே பழக்கத்தைத்தான் கொண்டு போகிறாள். அதையெல்லாம் நிறுத்திவிட்டு அந்த ஒரு மணி நேரத்தையும் டியூஷனுக்கே கொடுப்பது கணக்கில் நட்டம் என்பதே எங்கள் துணிபு.

தாலந்து உவமையில் எங்களுக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. ஐந்து தாலந்தைப் பத்தாக்கியவனையும், இரண்டு தாலந்தை நான்காக்கியவனையும் தலைவர் பாராட்டுகிறார். இருவருக்கும் ஒரே பாராட்டு. ஒரு சொல்லும் கூடுதல் குறைவு இல்லை. பரிசளிப்பு விழா நடத்தும் நமக்கு அது சற்றுச் சங்கடமான இடந்தான். இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ஒரு தாலந்தைப் புதைத்தவன் ஏன் புதைத்தான்? தலைவர் கடினமானவர் என்று பயந்தான். பயந்த பிள்ளை புதைக்கிறது. நம்பிய பிள்ளை முதலீடு செய்கிறது.

ஆகவே, பொன்விழா ஆண்டில் நாங்கள் வேண்டுவது புதுக் கட்டடம் அல்ல. பழைய மறைக்கல்விக் கூடத்தில் திங்கள் முதல் வெள்ளி வரை மாலை ஏழு மணி முதல் ஒன்பது மணி வரை பிள்ளைகள் படிக்க இடம் தர வேண்டும் என்று பங்குத்தந்தை அவர்களிடம் கேட்டோம், மகிழ்ச்சியோடு இசைந்தார். அமெரிக்காவில் 1962-ல் மிச்சிகன் மாநிலத்தில் பெர்ரி மழலைப் பள்ளி என்ற ஒரு முயற்சி தொடங்கியது. 123 ஏழைப் பிள்ளைகளைச் சீட்டுக் குலுக்கிப் பிரிப்பது போலப் பிரித்து ஒரு பாதிக்கு மட்டும் அந்தப் பள்ளி. பள்ளி நடந்தது காலையில் இரண்டரை மணி நேரம். வாரம் ஒருமுறை ஆசிரியை வீட்டுக்கே வந்து தாயோடு பேசினார். அறிவுத் தேர்வில் அந்தப் பிள்ளைகளுக்குக் கிடைத்த ஏற்றம் சில ஆண்டுகளில் மறைந்து போயிற்று. திட்டம் தோற்றது என்று பலர் எண்ணினார்கள். ஆனால் நாற்பது வயதில் பார்த்தபோது, மற்றப் பாதியைவிட அவர்களில் வேலையில் இருந்தவர்கள் அதிகம், வருமானம் அதிகம், காவல்துறையிடம் சிக்கியவர்கள் குறைவு. எங்களுக்கு அதில் பிடித்தது அந்த வாராந்திர வீட்டு வருகை. நாங்களும் கூடத்துக்கு வரும் ஒவ்வொரு பிள்ளையின் வீட்டுக்கும் மாதம் ஒருமுறையாவது செல்வதாக முடிவு செய்திருக்கிறோம். மதிப்பெண் கேட்க அல்ல, நலம் விசாரிக்க.

கூடத்துக்கு வேண்டியது இரண்டு குழல்விளக்கு, நான்கு பெஞ்சு, குடிதண்ணீர்ப் பானை. இவற்றைத் தருவதாக வின்சென்ட் தே பால் சபையார் கூறியிருக்கிறார்கள். இவற்றைவிட அரியது ஒன்று தேவைப்படுகிறது. ஏழு மணி என்று அறிவித்தால், ஏழு மணிக்குக் கதவு திறந்திருக்க வேண்டும். ஐப்பசி மழையிலும், ஊரில் கல்யாணம் இருந்தாலும், ஒரே ஒரு பிள்ளை வந்தாலும் திறந்திருக்க வேண்டும். முதல் வாரம் முப்பது பேர் வருவார்கள், மூன்றாம் வாரம் எட்டுப் பேர் வருவார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். அந்த எட்டுப் பேர் வந்து பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பினால், பிறகு எத்தனை முறை அறிவித்தாலும் வரமாட்டார்கள். ஆகவே நாளுக்கு இருவர் வீதம், சாவியை வைத்துக் கொள்ளப் பத்துப் பேர் வேண்டும். படித்தவர்களாக இருக்க வேண்டும் என்பதில்லை. பாடம் சொல்லித் தர எங்களில் சிலரும், விடுமுறைக்கு வரும் கல்லூரி மாணவர்களும் இருக்கிறோம். சாவிக்காரர் வந்து கதவைத் திறந்து, பிள்ளைகளோடு ஒன்பது மணி வரை அமர்ந்திருந்தால் போதும். தையல் வேலையோ வலைப் பொத்தலோ கையோடு கொண்டு வந்து செய்யலாம்.

இதுவரை ஆறு பேர் பெயர் தந்திருக்கிறார்கள்; நால்வர் பெண்கள், ஒருவர் மீன் சந்தைக்குப் போகிறவர். புதன், வெள்ளி இரு நாளுக்கும் இன்னும் ஆள் இல்லை. விருப்பமுள்ளோர் இன்றைய திருப்பலி முடிந்ததும் மறைக்கல்விக் கூடத்தின் வாசலில் எங்களைச் சந்திக்குமாறு அன்புடன் கேட்டுக் கொள்கிறோம். கூடம் வரும் திங்கட்கிழமை மாலை ஏழு மணிக்குத் திறக்கப்படும்.